தமிழ் சப்டைட்டிலோடு 100 படம் பார்த்தும் காது திறக்கவில்லை, என்ன செய்வது?

போத்தனூர் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு அலுவலகத்தில் அமெரிக்க கம்பெனிகளுக்குக் கணக்கு பார்க்கும் வேலை. பில் சரிபார்ப்பது, வாரம் இரண்டு நாள் சாயங்காலம் அவர்களோடு போன் கால் பேசுவது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். மெயில் எழுதச் சொன்னால் தப்பில்லாமல் எழுதிவிடுவேன். பேசவும் தட்டுத் தடுமாறி வந்துவிட்டது. காதுதான் மக்கர் பண்ணுகிறது.

போன மாதம் ஒரு காலில் அந்தப் பக்கத்து மேனேஜர் அம்மா, "வீ கேன் ரிலீஸ் திஸ் ஃப்ரைடே" என்றார். நான் உடனே 11 சப்ளையர்களுக்கு "வெள்ளிக்கிழமை பணம் வந்துவிடும்" என்று மெயில் தட்டிவிட்டேன். அவர் சொன்னது, வெள்ளிக்கிழமை முடியாது என்று. திங்கட்கிழமை 11 பேருக்கும் மன்னிப்பு மெயில். எங்கள் லீட் திட்டவில்லை. "ரெக்கார்டிங் இருக்கு, கேட்டுப் பாரு" என்றார், அவ்வளவுதான். நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் எனக்கு "கேன்" என்றுதான் கேட்டது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"இங்கிலீஷ் படம் பாரு, தானா வரும்" என்று ஊரே சொல்கிறது. ஆறு மாதமாகப் பார்க்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் படுக்கையில் போனை வைத்துக்கொண்டு, தமிழ் சப்டைட்டில் போட்டு, இதுவரை 100 படமாவது இருக்கும். கார் துரத்துகிற படம், உலகம் அழிகிற படம், பேய்ப் படம். எந்தக் கதையைக் கேட்டாலும் சொல்வேன். சப்டைட்டிலை எடுத்துவிட்டால் மட்டும் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நிற்பது மாதிரி இருக்கிறது. சத்தம் வருகிறது, பேச்சு வரவில்லை.

தமிழ் சப்டைட்டிலா, ஆங்கில சப்டைட்டிலா, இல்லை ஒன்றுமே வேண்டாமா? வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்கலாமா? உண்மையிலேயே இப்படிக் காது தேறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மணி 77:

சப்டைட்டிலை அணைச்சுடு தம்பி. மூணு மாசம் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும். நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.

போத்தனூர் பையன்:

செய்து பார்த்தேன் அண்ணா. மூன்று நாளும் இருபதாவது நிமிஷத்தில் தூங்கிவிட்டேன்.

லீட்ஸ் அக்கா:

தம்பி, அந்த 11 மன்னிப்பு மெயிலைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது. என் கதையைச் சொல்கிறேன்.

நான் நாகர்கோவில் பக்கம். நர்ஸ். ஓ.ஈ.டி. என்று மருத்துவத் துறைக்காரர்களுக்கான ஆங்கிலத் தேர்வு, அதை எழுதித்தான் இங்கிலாந்து வந்தேன். அதில் கேட்டல் பகுதிக்கு 42 கேள்வி, ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். நல்ல மதிப்பெண். அந்தத் தெம்போடு லீட்ஸில் வந்து இறங்கி, வார்டில் முதல் ஹேண்ட் ஓவரில், அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கிற கூட்டத்தில், உட்கார்ந்தேன். இரவு நர்ஸ் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கடகடவென்று சொல்லிக்கொண்டே போகிறார். எனக்குப் புரிந்தது படுக்கை எண் மட்டும். பேனாவைக் கையில் பிடித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை ஒரு தாத்தா என்னைப் பார்த்து, "ஐவ் ஹேட் நௌட் சின்ஸ் மீ டீ, லுவ்" என்றார். எனக்கு 'டீ' மட்டும் பிடிபட்டது. சரி, டீ கேட்கிறார் போல என்று ஒரு கப் போட்டுக் கொண்டு கொடுத்தேன். அவர் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். லீட்ஸ் இருக்கிற வட்டாரமான யார்க்‌ஷயரில் 'நௌட்' என்றால் 'ஒன்றுமில்லை'. 'மீ' என்றால் 'என்னுடைய'. 'லுவ்' என்றால் 'கண்ணு' மாதிரி. 'டீ' என்றால் ராத்திரிச் சாப்பாடு! மனிதர் முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்கிறார். சர்க்கரை நோயாளி வேறு. பக்கத்தில் இருந்த நர்ஸ் காதில் விழுந்து டோஸ்ட் கொண்டுவந்ததால் தப்பித்தேன். அன்று மதியம் ஓய்வறையில் யாருக்கும் தெரியாமல் அழுதேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

காது தேறியது படத்தால் அல்ல, சீரியலால்.

நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரப் பாட்டி தினமும் சாயங்காலம் எம்மர்டேல் பார்ப்பார். யார்க்‌ஷயர் கிராமத்தில் நடக்கிற மெகா சீரியல், 1972-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் சீரியல் மாதிரியேதான்: சொத்துத் தகராறு, கள்ளக் காதல், கல்யாணத்தன்றைக்கு யாராவது மண்டபத்துக்குள் நுழைந்து கத்துவது. பாட்டிக்குக் காது மந்தம். அதனால் டிவியில் ஆங்கில எழுத்து எப்போதும் ஓடும். நான் குளிருக்குப் பயந்து ஹீட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தவள், அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

ஏன் சீரியல் என்றால், அதே ஆட்கள், அதே குரல், அதே அடுப்படி. ஒரு படத்தில் அந்த நடிகரின் குரல் காதுக்குப் பழகுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும், மீதி நேரம் வெடிச் சத்தம். சீரியலில் நேற்று சண்டை போட்டவள் இன்றைக்கும் அதே குரலில் சண்டை போடுவாள். யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துவிட்டால் கதையைத் துரத்த வேண்டியதில்லை, காதுக்கு ஓய்வு கிடைக்கும். முக்கியமாக, அங்கே பேசுவதெல்லாம் சாப்பிட்டியா, எங்கே போனாய், யார் சொன்னது, எப்போது வருவாய். நமக்கு வேண்டியதும் அதுதானே? உலகத்தைக் காப்பாற்ற எத்தனை நிமிஷம் மிச்சம் என்று என்னிடம் எந்த நோயாளியும் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு நாள் ஒன்று புரிந்தது. இங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர் தமிழ் கற்றுக்கொள்ளப் புத்தகம் வாங்கியிருந்தார். என்னிடம் வந்து, "நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் "சும்மா உக்காந்துட்ருக்கேன்" என்றேன். அவர் முழித்தார். 'உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்' என்பதை எதிர்பார்த்துக் காத்திருந்த காதில் 'உக்காந்துட்ருக்கேன்' எப்படி ஏறும்? நமக்கு ஆங்கிலத்தில் நடப்பதும் அதேதான் தம்பி. நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது அவர்களுடைய 'உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்'. வார்த்தை தெரியாமல் இல்லை. அந்த வார்த்தை தேய்ந்து வருகிற உருவம்தான் நமக்குத் தெரியாது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். ஒரே ஒரு நிமிஷக் காட்சி. எழுத்தை மறைத்துவிட்டு, அதாவது பாட்டி படுக்கப் போன பிறகு போனில், மூன்று தடவை கேட்பேன். காதில் விழுவதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவேன். ஆங்கிலத்தில் எழுதினால் கை தானாகப் பள்ளிக்கூட ஸ்பெல்லிங்கைப் போட்டுவிடும், காது கேட்டது வராது. தமிழில் எழுதினால் பொய் சொல்ல முடியாது. "வாடயா வானா டூ" என்று எழுதியிருப்பேன். அப்புறம் ஆங்கில சப்டைட்டிலைத் திறந்தால் "வாட் டூ யூ வான்ட் டு டூ" என்று இருக்கும். ஆறு வார்த்தையை எப்படி நசுக்கியிருக்கிறார்கள் பாருங்கள். அந்த வரியை அதே நசுக்கலோடு அதே வேகத்தில் பத்துத் தடவை வாயால் சொல்வேன். வாய்க்கு வந்த பிறகு அது காதைத் தாண்டிப் போனதே இல்லை.

முதல் நிமிஷக் காட்சிக்கு எனக்கு 40 நிமிஷம் ஆனது. பயந்துவிடாதீர்கள், சுருட்டிய வடிவங்கள் கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப அவையேதான் வரும்.

வேகத்தைக் குறைப்பது எனக்கு உதவவில்லை. முக்கால் வேகத்தில் வைத்தால் இழுத்துப் பேசுகிற குடிகாரர் மாதிரி கேட்குமே தவிர, விழுங்கிய எழுத்து திரும்பி வராது. அதைவிடப் பத்து நொடி பின்னால் போகிற பொத்தானைத் தேயுங்கள்.

தமிழ் சப்டைட்டிலைப் பற்றி ஒரே வார்த்தை: எடுத்துவிடுங்கள். நீங்கள் 100 படம் பார்க்கவில்லை, 100 படம் வாசித்திருக்கிறீர்கள்.

திருச்சி வாத்தியார்:

லீட்ஸ் அக்காவுக்கு ஒரு கும்பிடு. நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவன். அவர் சொன்னதற்குக் கொஞ்சம் முட்டுக்கொடுக்கிறேன், ஓரிடத்தில் சண்டையும் போடுகிறேன்.

முதலில் உங்கள் 'கேன்' விவகாரம். நாம் 'முடியாது' என்பதற்குக் 'கான்ட்' என்று நீட்டிப் படித்தோம். அது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் 'கேன்ட்' என்பார். அந்தக் கடைசி 'ட்' தொண்டையிலேயே நின்றுவிடும், வெளியே வராது. ஆக 'ட்' கேட்குமா என்று காத்திருந்தால் ஏமாந்து போவீர்கள். அழுத்தத்தைப் பாருங்கள். 'முடியும்' என்றால் அந்தச் சொல் சுருங்கி 'கன்' என்று ஓடிவிடும்: "வீ கன் ரிலீஸ்". அழுத்தம் முழுக்க 'ரிலீஸ்' மேல். 'முடியாது' என்றால் 'கேன்' என்று முழுசாக, அழுத்தமாக, பட்டென்று வெட்டி நிறுத்தியது மாதிரி வரும். நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, நான்கு தடவையும் 'கேன்' என்று தெளிவாகக் கேட்டது என்று. தெளிவாகக் கேட்டதே ஆபத்து! தெளிவாகக் கேட்டால் முடியாது என்று அர்த்தம்.

இரண்டாவது, நீங்கள் கணக்கு பார்க்கிறவர், எண்கள் முக்கியம். அமெரிக்கர் இரண்டு உயிரொலிக்கு நடுவில் வருகிற 'ட்'டை மென்மையாக்கிவிடுவார். 'வாட்டர்' என்பது 'வாடர்' ஆகும். இது நமக்குப் புரியாத விஷயமா? 'பாட்டு' என்பதில் ட் வல்லென்று வருகிறது, 'பாடு' என்பதில் மெலிகிறது. அதே வித்தியாசம்தான். இதை வைத்து 13-ஐயும் 30-ஐயும் பிரித்துவிடலாம். 30 என்றால் 'தர்டி', பாடு மாதிரி. 13 என்றால் 'தர்ட்டீன்', பாட்டு மாதிரி. 14, 40-க்கும் அப்படியே. 15, 50-க்கு இந்த வித்தை பலிக்காது, அங்கே கடைசி அசையில் அழுத்தம் விழுகிறதா என்று கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ" என்று கேட்டுவிடுங்கள். வங்கிக்காரர்களே அப்படித்தான் கேட்கிறார்கள்.

சப்டைட்டில் விஷயத்தில் அக்கா சொன்னதற்கு ஆய்வும் உண்டு. நெதர்லாந்தில் மிட்டரர், மெக்குவீன் என்ற இருவர் செய்து 2009-இல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த, ஆனால் ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகள் பழகாத டச்சுக்காரர்களுக்கு அந்த உச்சரிப்பில் படமும் சீரியலும் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு ஆங்கில எழுத்து, சிலருக்கு டச்சு எழுத்து, சிலருக்கு எழுத்தே இல்லை. பிறகு அதே குரல்கள் பேசிய, அவர்கள் கேட்டிராத புது வரிகளைக் கொடுத்தால், ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். டச்சு எழுத்தோடு பார்த்தவர்கள் எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கிவிட்டார்கள். காதில் ஒரு சொல், கண்ணில் வேறொரு சொல் என்றால் ஒலியும் எழுத்தும் ஒட்டுவதே இல்லை. உங்கள் ஆறு மாதம் போன இடம் அதுதான். பிரிஜ் கோத்தாரி என்பவர் வெளிநாட்டில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்பானிஷ் படத்துக்கு ஸ்பானிஷிலேயே சப்டைட்டில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று யோசித்ததில்தான், தூர்தர்ஷனில் இந்திப் பாட்டுக்கு இந்தி எழுத்து ஓடும் திட்டம் பிறந்தது. அது எழுத்தறிவுக்காக. ஆனால் அடிப்படை ஒன்றேதான்.

இப்போது சண்டை. எம்மர்டேல் அக்காவுக்குச் சரி, லீட்ஸில் இருக்கிறார். உங்களுக்கு அது வேண்டாம். நீங்கள் நாளை பேசப்போவது யாரோடு, அவர்கள் ஊர்ப் பேச்சைக் கேளுங்கள். 'தி ஆபீஸ்' அமெரிக்க வடிவத்தை எடுங்கள். பென்சில்வேனியாவில் ஒரு காகிதக் கம்பெனி, 2005 முதல் 2013 வரை ஒன்பது சீசன். மீட்டிங், போன், விற்பனை, சம்பளம், பக்கத்து மேஜைக்காரனோடு மல்லுக்கட்டு என்று எல்லாமே ஆபீஸ் பேச்சு. ஒரு வசதியும் இருக்கிறது. நடுநடுவே ஒவ்வொருவராகக் கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசுவார்கள். பின்னணி இசை இல்லை, குறுக்கே யாரும் பேசுவதில்லை. அக்கா சொல்கிற நோட்டுக்கு அந்தத் துண்டுகள் அளவெடுத்துத் தைத்த மாதிரி.

ஆக்‌ஷன் படத்தில் புரியவில்லை என்று மட்டும் வருத்தப்படாதீர்கள். தியேட்டருக்காகக் கலந்த ஒலியைப் போன் ஸ்பீக்கரில் கேட்டால் வசனம் அமுங்கித்தான் போகும். 2020-இல் டெனெட் என்ற ஹாலிவுட் படம் வந்தபோது வசனம் கேட்கவில்லை என்று ஆங்கிலமே தாய்மொழியான ரசிகர்களும் விமர்சகர்களும் புலம்பினார்கள். முதலில் ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.

மதுரை ரிடையர்டு:

நீங்கள் எல்லோரும் சப்டைட்டில், ஹெட்போன் என்கிறீர்கள். எங்களுக்கு ரேடியோதான். மெல்போர்னில் டெஸ்ட் என்றால் இங்கே விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்துவிடும். சிற்றலையில் அலை அடித்து அடித்து வரும் வர்ணனை, பக்கத்தில் அப்பா "சத்தத்தைக் குறைடா" என்பார். ஆட்டம் தெரியும், ஆட்கள் பெயர் தெரியும், அதனால் பாதி அர்த்தம் கையில் இருக்கும். மீதிப் பாதியைக் காது தேடும். தம்பிக்குக் கிரிக்கெட் பிடிக்கும் என்றால், ஆங்கில வர்ணனையைப் போட்டுவிட்டு டிவிக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். ஒரு ஓவர் முடிந்ததும் என்ன நடந்தது என்று வாயால் சொல்லுங்கள். அப்புறம் ஸ்கோரைத் திரும்பிப் பாருங்கள். சரியா தப்பா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

லீட்ஸ் அக்கா:

ஐயா, அருமை. யார்க்‌ஷயர்க்காரர் ஜெஃப்ரி பாய்காட்டின் கிரிக்கெட் வர்ணனையை ஒழுங்காகக் கேட்டு வளர்ந்திருந்தால் எனக்கு யார்க்‌ஷயர் பாதி வந்திருக்கும். எங்கள் வீட்டில் அண்ணன்தான் ரிமோட்டைத் தரமாட்டான்.

வாத்தியார் சார் சொன்னது நியாயம். எம்மர்டேல் பார்த்துவிட்டு அமெரிக்க மேனேஜரை 'லுவ்' என்று கூப்பிட்டுவிடாதீர்கள் தம்பி.

போத்தனூர் பையன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஹெட்போன் வாங்கிவிட்டேன். படம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, தினமும் ராத்திரி தி ஆபீஸில் ஒரே ஒரு துண்டு, 20 நிமிஷம். முதல் நாள் நோட்டில் தமிழில் எழுதியதைப் படித்துப் பார்த்தால் மந்திரவாதி எழுதிய தகடு மாதிரி இருந்தது. "ஷுடஃப்" (ஷுட் ஹேவ்), "லெமீ" (லெட் மீ), "டோன்னோ" (டோன்ட் நோ). இப்போது பக்கத்துக்கு நான்கைந்து வரியாவது சரியாக வருகிறது. பழைய ரெக்கார்டிங்கையும் திரும்பக் கேட்டேன். வாத்தியார் சார் சொன்னபடியே அந்த அம்மா "கேன்" என்று வெட்டி நிறுத்தியிருக்கிறார். எப்படி அன்றைக்குக் கேட்காமல் போனது என்றே தெரியவில்லை.

இன்னொன்று, சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அந்த அம்மா கால் முடியும்போதெல்லாம் "ஐமனா செண்டிட் ஓவர்" என்பார். ஐமனா என்று அவர்கள் டீமில் ஒரு பெண் இருக்கிறார், அவர்தான் ஃபைல் அனுப்புவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் ஒரு துண்டில் அதே 'ஐமனா' வந்தது. சப்டைட்டிலைத் திறந்து பார்த்தால், "ஐம் கோயிங் டு".

இதில் என்ன என்கிறீர்களா? மார்ச்சில் ஃபைல் வர லேட்டானபோது, "ஐமனா லீவில் இருந்தால் வேறு யாரிடம் கேட்கலாம்?" என்று அந்த அம்மாவுக்கே மெயில் போட்டிருக்கிறேன். அவர் பதிலே எழுதவில்லை, ஃபைல் மட்டும் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

லீட்ஸ் அக்கா:

ஐயோ தம்பி, நைட் டியூட்டியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன், நான்காவது படுக்கைத் தாத்தா விழித்துக்கொண்டார். என்ன விஷயம் என்று கேட்கிறார். ஐமனா கதையை யார்க்‌ஷயரில் எப்படிச் சொல்வது?